குண்டலினியை எழுப்பி என்ன செய்யப் போகிறோம்?

மாட்டுங்கா வாசகன் | திங்கள், இரவு 9:40

இன்று மதியம் சாப்பாட்டு வேளையில் பக்கத்து மேசைப் பையன் போனை நீட்டினான். "21 நாளில் குண்டலினி விழிப்பு" என்று ஒரு விளம்பரம். "சார், நீங்க காலையில கண்ணை மூடி உட்காருறது இதுதானா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்ல மனம் வரவில்லை, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. டிபன் டப்பாவை மூடிவிட்டு, "ராத்திரி எழுதி அனுப்புறேன்" என்றேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுவிட்டது. மும்பைத் தமிழர்களில் இதில் பழக்கம் உள்ளவர்கள் பலர் இருப்பீர்கள் என்பதால் இங்கேயே போடுகிறேன். நான் குரு இல்லை. 14 வருடமாகத் தவம் செய்கிறவன். பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

குண்டலம் என்றால் வளையம். குண்டலினி, சுருண்டிருப்பவள். முதுகுத்தண்டின் அடியில், மூலாதாரத்தில், மூன்றரைச் சுற்றாகச் சுருண்டு உறங்கும் பாம்பு என்று யோக நூல்கள் சொல்கின்றன. தண்டை ஒட்டி மூன்று நாடிகள்: இடப்பக்கம் இடகலை, வலப்பக்கம் பிங்கலை, நடுவில் சுழுமுனை. மூச்சு நாள் முழுக்க இடகலையிலும் பிங்கலையிலும் மாறி மாறி ஓடுகிறது. நடுவழி அடைபட்டே கிடக்கிறது. அது திறந்து, உறங்கும் சக்தி மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆக்ஞை என்ற ஆறு ஆதாரங்களையும், அதாவது சக்கரங்களையும் கடந்து உச்சியில் சகசிராரத்தில் சிவத்தோடு கூடுகிறது. சீவன் தன்னைத் தனி ஆளாக நினைத்துக்கொண்டிருந்த நினைப்பு அங்கே கரைகிறது. இதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

வெளியிலிருந்து வந்த சரக்கு இல்லை இது. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தைத்தான் பேசுகிறார். நம் ஊர்க் கோயில்களையே ஆதாரங்களாக அடுக்கி வைத்த மரபு உண்டு: திருவாரூர் மூலாதாரம், திருவானைக்கா சுவாதிட்டானம், திருவண்ணாமலை மணிபூரகம், சிதம்பரம் அநாகதம், காளத்தி விசுத்தி, காசி ஆக்ஞை. வங்காளத்தில் பூர்ணானந்தர் 1577-இல் ஆறு சக்கரங்களைப் பற்றி எழுதிய ஷட்சக்ர நிரூபணத்தைக் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப் 1919-இல் ஆங்கிலத்தில் கொண்டுபோனார். மேல்நாட்டுக்காரர்கள் சக்கரம் பற்றிப் பேச ஆரம்பித்ததில் அந்த மொழிபெயர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

நான் கற்றது வேதாத்திரி மகரிஷியின் எளிய முறை. 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பம் நடத்துகிறவனும் செய்யக்கூடிய வழியாக இதை மாற்றிக் கொடுத்தார். ஆசிரியர் புருவமத்தியில் விரல் வைத்துத் தொட்டுக் கொடுப்பார். அங்கே ஒரு துடிப்பு. அதைக் கவனித்தபடி உட்கார்ந்திருப்பது ஆக்கினை (ஆக்ஞை) தவம். தவம் என்று நாங்கள் சொல்வது தியானத்தைத்தான். எனக்கு முதல் நாள் எறும்பு ஊர்வது போல இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "எறும்பு ஊர்ந்தா ஆச்சா, சாயங்காலம் பையனை அடிக்காம இருக்கியான்னு பார்ப்போம்" என்றாள். 14 வருடத்தில் இதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

தாராவித் தம்பி | திங்கள், இரவு 10:25

அண்ணே, ரொம்ப நாளா மனசுல கிடந்த விஷயத்த எடுத்துட்டீங்க. எங்க தாத்தா திருநெல்வேலிப் பக்கத்துலேருந்து தோல் ஷாப்பு வேலைக்கு தாராவி வந்தவரு. ராத்திரி வாசல்ல கயித்துக் கட்டில்ல படுத்துகிட்டு "ஆடு பாம்பே"ன்னு பாம்பாட்டிச் சித்தர் பாட்டு பாடுவாரு. சின்ன வயசுல நெசமாவே எங்கியோ பாம்பு இருக்குன்னு நான் காலைத் தூக்கி கட்டில்மேல வச்சுக்குவேன். "ஏலே, அது ஒன் முதுகுக்குள்ள இருக்குலே"ன்னாரு. அன்னைக்கி ராத்திரி தூங்கல.

அதான் கேக்குறேன். உடம்ப அறுத்துப் பாத்தா இந்தப் பாம்பு இருக்குமா? இல்ல சும்மா சொல்லி வச்சதா? நாடி, சக்கரம்னு சொல்றதெல்லாம் நரம்பா?

மாட்டுங்கா வாசகன் | திங்கள், இரவு 11:05

தம்பி, அறுத்துப் பார்த்தால் இருக்காது. நாடி நரம்பு இல்லை, ஆதாரம் சுரப்பியும் இல்லை. இதை நரம்புப் பின்னல், ஹார்மோன் என்று பொருத்திக் காட்டுகிற படங்கள் நிறைய உண்டு. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. யோகிகள் சவத்தை அறுத்து இதைக் கண்டுபிடிக்கவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்து, உயிரோடு இருக்கிற உடம்பை உள்ளிருந்து கவனித்தபோது தென்பட்டதற்கு வைத்த பெயர்கள் இவை. பசிக்கும் பயத்துக்கும் உடம்பில் இடம் இருக்கிறதா இல்லையா? பயந்தால் அடிவயிறு கலங்குகிறது, துக்கம் வந்தால் தொண்டை அடைக்கிறது. அந்த மாதிரி உள்ளனுபவத்தின் வரைபடம்.

"சும்மா சொல்லி வச்சதா" என்றும் விட்டுவிட முடியாது. விநாயகர் அகவல் தெரியும் இல்லையா? பிள்ளையார் சதுர்த்தியன்று எல்லோரும் பாடுவது.

"மூலாதாரத்தின் மூண்டெழு கனலைக்
காலால் எழுப்பும் கருத்தறி வித்தே"

இங்கே கால் என்பது பாதம் இல்லை, காற்று. பழைய தமிழில் காற்றுக்குக் கால் என்று பெயர். மூலாதாரத்தில் மூளும் கனலை மூச்சால் எழுப்புகிற உபாயத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தாய் என்று ஔவை பிள்ளையாரிடம் சொல்கிறாள். அடுப்பு ஊதுகிறவர்களுக்கு இது உடனே புரியும். கரி உள்ளே கனன்றுகொண்டுதான் இருக்கிறது. ஊதுவது நம் வேலை. வேகமாக ஊதினால் சாம்பல் கண்ணில் விழும், மெதுவாக ஊதினால் பிடித்துக்கொள்ளும்.

செம்பூர் லலிதா மாமி | செவ்வாய், காலை 6:15

நாற்பது வருஷமா அகவல் சொல்லிண்டிருக்கேன். "காலால் எழுப்பும்"னு வரச்சே பிள்ளையார் பாதத்தால தட்டி எழுப்பறார்னுதான் நெனச்சிண்டிருந்தேன். இன்னிக்கி விளக்கேத்திட்டு அந்த வரிக்கு வந்தபோது மேல சொல்லவே முடியலை. அப்படியே நின்னுட்டேன்.

நான் யோகா கிளாஸுக்கெல்லாம் போனவள் இல்லை. வெள்ளிக்கிழமை பத்துப் பேர் கூடி லலிதா சகஸ்ரநாமம் சொல்றது எங்க வழக்கம். அதிலேயும் இந்தக் குண்டலினி இருக்காள். மூலாதாரத்துல குடியிருக்கறவள், பிரம்ம முடிச்சு, விஷ்ணு முடிச்சு, ருத்ர முடிச்சு மூணையும் பிளந்துண்டு போறவள், சகஸ்ராரத் தாமரையில ஏறி அமிர்தமா பொழியறவள். அதுல ஒரு நாமம், "பிஸதந்து தநீயஸீ". தாமரைத் தண்டு நூல் மாதிரி மெல்லிசானவள்.

இது எனக்குப் புத்தகத்துல புரியலை. பக்கத்து ஃபிளாட்ல சிந்திக்காரா. கமல் ககடின்னு தாமரைக் கிழங்கை அவா அடிக்கடி பண்ணுவா. ஒரு நாள் சமையல்கட்டுல அவளோட பேசிண்டிருந்தேன். கிழங்கை நறுக்கினாள், ரெண்டு துண்டையும் கையால விலக்கினாள். நடுவுல நூல் நூலா இழுத்துண்டே வரது. ஜன்னல் வெளிச்சத்துல பார்த்தாத்தான் தெரியறது, தலையைத் திருப்பினா காணோம். ஒரு முழம் தள்ளி வச்சும் அறலை. எனக்கு மேல் சிலிர்த்துப்போச்சு. அவள் "என்ன ஆன்ட்டி?"ன்னா. இந்தியில எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, ஒண்ணுமில்லைன்னுட்டேன்.

அதனால 21 நாள்ல எழுப்பறேன்னு யாராவது சொன்னா எனக்கு வயித்தைக் கலக்கறது. அத்தனை மெல்லிசானதை இழுக்கற கை எப்படி இருக்கணும்?

டோம்பிவிலி 27 | செவ்வாய், இரவு 11:50

பேர் சொல்லாமல் எழுதுகிறேன், மன்னிக்கவும். நான் அந்த மாதிரி ஒரு முகாமுக்குப் போனவன். எங்கே, யார் என்று சொல்லப் போவதில்லை. மூன்று நாள். ஒவ்வொரு நாளும் 40 நிமிடம் பஸ்திரிகா, அதாவது மூச்சை வேகவேகமாக இழுத்து விடுவது, பிறகு மூச்சை உள்ளே நிறுத்தி இடுப்பின் அடிப்பகுதியை இறுக்கும் மூலபந்தம். இரண்டாம் நாளே விரல் நுனி, உதடு எல்லாம் மரத்தது. கை மடங்கிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர் அழுதார். "சக்தி எழுந்துவிட்டது" என்றார்கள். நானும் நம்பினேன். சந்தோஷமாகவும் இருந்தது.

அது முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. இரவு இரண்டு மணி நேரத் தூக்கம் பெரிய விஷயம். முதுகில் சூடு, உள்ளங்கையில் வியர்வை, இதயம் படபடவென்று அடிக்கிறது. காலை லோக்கலில் கம்பியைப் பிடித்தால் விரல் நடுங்குவது எனக்கே தெரிகிறது. பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போய்விட்டேன். திரும்பக் கேட்டதற்கு, "நாடி சுத்தி நடக்கிறது, அடுத்த நிலை முகாமுக்கு வந்தால் சமநிலை வரும்" என்று கட்டணத்தைச் சொன்னார்கள். அம்மாவுக்குத் தெரியாது. என்ன செய்வது?

மாட்டுங்கா வாசகன் | புதன், காலை 5:20

தம்பி, முதல் வேலையாக அந்த மூச்சுப் பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அடுத்த நிலைக்குப் போகவே கூடாது.

எங்கள் முறையில் சாந்தி தவம் என்று ஒன்று உண்டு. மேலே ஏற்றிய கவனத்தை மூலாதாரத்துக்கே இறக்கி நிறுத்துவது. நெற்றியில் அழுத்தம் தாங்காதபோது, உடம்பு சூடானபோது இதைத்தான் செய்யச் சொல்வார்கள். ஏற்றத் தெரிந்தவனுக்கு இறக்கத் தெரிய வேண்டும். இறக்கத் தெரியாதவன் ஏற்றவே கூடாது. திருமூலர் பிராணாயாமத்துக்குச் சொன்ன கணக்கு 16 மாத்திரை (கண்ணிமைக்கும் நேர அளவு) இழுத்து, 64 நிறுத்தி, 32 விடுவது. "கணக்கு" என்றுதான் சொல்கிறார். அந்தக் கணக்கைக் கிட்ட இருந்து பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் நூறு பேரை ஒரே கூடத்தில் உட்கார வைத்து ஊதச் சொல்வது பாவம் என்றே நினைக்கிறேன். செம்பூர்ப் பக்கம் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் இருக்கிறார், அழைத்துப் போகிறேன். தனிச்செய்தி அனுப்புங்கள்.

முலுண்ட் செவிலி | புதன், காலை 7:45

வாசகன் சார், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்தத் தம்பி முதலில் போக வேண்டியது ஆசிரியரிடம் இல்லை, மருத்துவரிடம்.

22 வருடமாக வார்டில் வேலை செய்கிறேன். வீட்டில் சாமி கும்பிடுகிறவள், பிராணாயாமமும் செய்கிறவள், அதனால் இதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேகமாக நெடுநேரம் மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், விரலும் உதடும் மரக்கும், கை மடங்கும். யாரை உட்கார வைத்து ஊதச் சொன்னாலும் இது வரும். இதற்குச் சக்தி எழ வேண்டியதில்லை.

ஆனால் அது கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஐந்து வாரம் நிற்காது. தம்பி எழுதியதைத் திரும்பப் படியுங்கள்: எடை குறைகிறது, விரல் நடுக்கம், படபடப்பு, சூடு, வியர்வை, தூக்கமில்லை. தைராய்டு பார்த்தீர்களா தம்பி? இன்றைக்கே ரத்தம் கொடுங்கள். தைராய்டு சுரப்பைக் காட்டும் டி.எஸ்.எச்., டி3, டி4 சோதனைகள். கூடவே ஒரு ஈ.சி.ஜி.

பொதுவாக எல்லோருக்கும்: ரத்த அழுத்தம், வலிப்பு, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மனநோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் மூச்சை நிறுத்தும் பயிற்சிகளைத் தாமாகச் செய்யக்கூடாது. நாள்கணக்கில் தூக்கமே வேண்டாம் என்று தோன்றுவதும், பேச்சு ஓயாமல் ஓடுவதும், தான் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்ற எண்ணம் வருவதும் விழிப்பு இல்லை. உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

உள்முகப் பயணி | புதன், காலை 9:30

செவிலி அம்மாவுக்கு வணக்கம். ஆனால் இதற்கெல்லாம் மாத்திரை போட்டால் எழுந்த சக்தி பாதியில் தடைபட்டு நின்றுவிடும். காஷ்மீரத்து கோபி கிருஷ்ணாவை நினைத்துப் பாருங்கள். 1937-இல் ஜம்முவில் தியானத்தில் இருந்தபோது ஒளி அருவி போல மூளைக்குள் பாய்ந்தது. வருடக்கணக்கில் துன்பப்பட்டார். பிறகுதான் தெளிவு வந்தது. துன்பம் இல்லாமல் பிறப்பு உண்டா?

மாட்டுங்கா வாசகன் | புதன், மதியம் 1:15

உள்முகப் பயணி ஐயா, இதை மட்டும் என்னால் விட முடியாது. ஒரு 27 வயதுப் பையன் விரல் நடுங்குகிறது என்கிறான், அவனிடம் மாத்திரை வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? கோபி கிருஷ்ணா எழுதியதை நானும் படித்திருக்கிறேன். செத்துவிடுவோம் என்று அவர் கிடந்த பக்கங்களைப் படித்தவர்கள் யாரும் அதை இன்னொருவனுக்கு வழியாகக் காட்ட மாட்டார்கள். அவர் அதை எழுதியது எச்சரிக்கையாகவும்தான்.

செவிலி அம்மா, நீங்கள் சொன்னது முதலில் வந்திருக்க வேண்டும். காலையில் நான் சாந்தி தவத்தைப் பற்றி எழுதினேன். நடுக்கம், எடை என்று அவர் எழுதியிருந்தது என் கண்ணில் பட்டது. படித்துவிட்டும், எனக்குத் தெரிந்ததையே சொன்னேன். தவறு. டோம்பிவிலித் தம்பி, இன்றே ரத்தம் கொடுங்கள்.

விக்ரோலி பொறியாளர் | புதன், இரவு 8:50

எனக்கு ஒரு சந்தேகம், வேறு திசையில். யோகா வகுப்பு எங்கே போனாலும் சுவரில் ஏழு சக்கரம், சிவப்பில் ஆரம்பித்து ஊதா வரை வானவில் நிறத்தில். இது பழைய நூலில் இருக்கிறதா?

மாட்டுங்கா வாசகன் | புதன், இரவு 9:35

இல்லை. அந்த வானவில் 20-ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டில் ஒட்டிக்கொண்டது. பழைய வருணனை வேறு. ஷட்சக்ர நிரூபணத்தில் மூலாதாரம் நான்கு சிவந்த இதழ், உள்ளே மஞ்சள் சதுரம், அது நிலம். சுவாதிட்டானத்துக்கு ஆறு இதழ், உள்ளே வெள்ளைப் பிறைநிலா, அது நீர். மணிபூரகத்தின் பத்து இதழ்களும் கார்மேக நிறம், நடுவில் சிவந்த முக்கோணம், அது தீ. மேலே அநாகதத்துக்கு 12, விசுத்திக்கு 16, ஆக்ஞைக்கு 2. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், 50. சமஸ்கிருத எழுத்து 50-ஐயும் இதழுக்கு ஒன்றாக வைத்தார்கள். அதாவது நாம் பேசுகிற, நினைக்கிற எல்லாச் சொல்லும் இந்த ஆறு தாமரைகளுக்குள் அடக்கம். சக்தி ஏறும்போது கீழே உள்ள பூதம் மேலே உள்ளதில் ஒடுங்குகிறது, நிலம் நீரில், நீர் தீயில். படைப்பு வந்த வழியே திரும்பிப் போவது. சொல்லும் அப்படியே ஒடுங்கிக்கொண்டே போய்க் கடைசியில் சொல் இல்லாத இடம். வானவில் படத்தைப் பார்த்தால் இந்த ஒடுக்கம் எதுவும் மனதில் எழுவதில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

வெள்ளை உடை, தலைப்பாகையோடு "குண்டலினி யோகா" என்று வெளிநாட்டில் நடப்பதும் வேறு. 1960களின் கடைசியில் யோகி பஜன் அமெரிக்காவில் ஆரம்பித்த முறை. பெயர் ஒன்றாக இருப்பதால் சித்தர் மரபோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

தாணே தமிழ் | வியாழன், காலை 6:40

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். தமிழ், சமஸ்கிருதம், வங்காளம் எல்லாம் வந்துவிட்டது. நாம் சோறு தின்னும் ஊரின் மொழியை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு மராத்தி ஆஜி (பாட்டி) இருக்கிறார். கழுத்தில் துளசி மாலை, வருடா வருடம் பண்டரிபுரம் போகிற வார்க்கரி, விட்டல் பக்தர். தினமும் ஞானேஸ்வரி வாசிப்பார், கீதைக்கு ஞானேஸ்வரர் சொன்ன மராத்தி உரை அது. ஒரு நாள் அவர் வாசித்தது ஆறாம் அத்தியாயம். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் குண்டலினி என்ற சொல்லே கிடையாது. ஆனால் ஞானேஸ்வரர் நாத யோகிகளின் மரபில் வந்தவர், கோரக்நாத், கஹினிநாத், தன் அண்ணன் நிவ்ருத்திநாத் என்று. 1290-இல் அந்த அத்தியாயத்துக்கு உரை சொல்லும்போது குருவழியில் தனக்குக் கிடைத்ததை மக்கள் மொழியில் கொட்டிவிடுகிறார். குங்குமத்தில் குளித்த நாகக் குட்டி ஒன்று சுருண்டு படுத்திருப்பது போல என்கிறார். நாகம் இல்லை, நாகத்தின் குட்டி. ஆஜி அந்த இடத்தில் "பிலே" (குட்டி) என்று சொல்லி உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார், கோழிக்குஞ்சை ஏந்துவது மாதிரி. எனக்கு அதுவரை குண்டலினி என்றால் பயம்தான். அந்தக் கையைப் பார்த்ததிலிருந்து பயம் போய்விட்டது.

"நீங்கள் இதைப் பயிற்சி செய்கிறீர்களா?" என்று கேட்டேன். "நான் விட்டல் பேரைச் சொல்கிறேன், அவன் எதை எழுப்ப வேண்டுமோ எழுப்பட்டும்" என்றார்.

செம்பூர் லலிதா மாமி | வியாழன், காலை 7:10

குங்குமத்துல குளிச்ச குட்டி. அம்மா! இதை இன்னும் ரெண்டு நாள் சொல்லிண்டே இருப்பேன்.

ஆனா வாசகன், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்கோ. ஆஜிக்கு நாமம் போதும், திருவண்ணாமலை ரமணர் ஆதாரம் எதுலயும் மனசை வைக்கச் சொல்லலை, நான் யாருன்னு பாருன்னார். அப்போ இந்தத் தொட்டுக் கொடுக்கறது, ஏத்தறது, இறக்கறது எல்லாம் எதுக்கு?

மாட்டுங்கா வாசகன் | வியாழன், இரவு 10:20

மாமி, நாள் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தாதரில் இறங்க வேண்டியவன் பைகுல்லா போய்விட்டேன்.

என்னைப் போன்றவனுக்கு நாமத்தில் மனம் ஒட்டவில்லை. "நான் யார்" என்று கேட்டால் ஐந்தாவது நிமிடம் அலுவலகக் கணக்கு வந்து நிற்கிறது. உடம்பில் ஓர் இடம், அங்கே ஒரு துடிப்பு, அதைப் பிடித்துக்கொள் என்றால் பிடிக்க முடிகிறது. படிக்கட்டில் கைப்பிடி மாதிரி. ஏறத் தெரிந்தவர்களுக்கு அது வேண்டியதில்லை.

நோக்கம் என்று கேட்டால், எங்கள் முறையில் தவம் பாதிதான். மறுபாதி அகத்தாய்வு. எண்ணங்களை ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினம் தவிர்ப்பது, கவலை ஒழிப்பது, கடைசியாகத்தான் நான் யார். தாளில் எழுத வைப்பார்கள். யார் யார் மேல் கோபம், என்ன காரணம், எத்தனை தடவை. நான் முதல் முறை எழுதியபோது 19 பேர் வந்தார்கள். அதில் பதினொரு தடவை என் மகன் பேர். அப்போது அவனுக்கு எட்டு வயது. கணக்கு வராது. அதற்காக அடித்திருக்கிறேன். அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

புருவமத்தியில் துடிப்பு வந்தது எனக்கு ஒரே நாளில். கை ஓங்கும்போது, ஓங்குகிறது என்று உள்ளே ஒருவன் பார்க்க ஆரம்பித்தது மூன்றாம் வருடம். ஓங்காமல் இருந்தது அதற்கும் பிறகு. சக்தி ஆக்ஞைக்கு வந்ததா, வரவில்லையா என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தப் பார்க்கிறவன் முன்பு இல்லை, இப்போது இருக்கிறான். சீவன் சிவமாவது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, நான் நின்ற படியிலிருந்து ஒரு படி நகர்ந்திருக்கிறேன் என்பது தெரியும். எல்லாச் சக்தியும் வந்து, கோபம் மட்டும் அப்படியே இருந்தால், கோபத்துக்குத்தானே அந்தச் சக்தியும் வேலை செய்யும்? சித்தி, அதாவது அபூர்வ ஆற்றல், வந்தவர்கள் சறுக்கியதெல்லாம் அங்கேதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் பல மரபுகளில் இயமம், நியமம் என்ற ஒழுக்க நெறிகள் முதலில் வருகின்றன. 21 நாள் முகாமில் அதற்கு நேரம் இல்லை.

முலுண்ட் செவிலி | வியாழன், இரவு 10:55

பழைய நூல்களில் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று ஒரு கணக்கு உண்டு, சிதம்பரம் பொன்னோட்டின் எண்ணிக்கையும் அதுதான் என்று அப்பா சொல்வார். வகுத்துப் பார்த்தேன், நிமிடத்துக்கு 15. வார்டில் நாங்கள் இயல்பு என்று குறித்து வைப்பது 12 முதல் 20. கடிகாரம் இல்லாத காலத்தில் எண்ணியிருக்கிறார்கள். நாளை இரவு டியூட்டியில் நோயாளிகளின் மூச்சை எண்ணும்போது, மூச்சையே மந்திரமாகக் கொள்ளும் அசபை நினைவு வரும்.

டோம்பிவிலித் தம்பி, ரத்தம் கொடுத்தீர்களா?

டோம்பிவிலி 27 | சனி, மாலை 4:30

கொடுத்தேன் அக்கா. டி.எஸ்.எச். 0.01-க்கும் கீழே. டி3, டி4 இரண்டும் கூடுதல். தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்றார் மருத்துவர். இது முகாமுக்கு முன்பே மெதுவாக ஆரம்பித்திருக்கலாம், அந்த மூச்சு படபடப்பைக் கூட்டியிருக்கும் என்றும் சொன்னார். தைராய்டுக்குக் கார்பிமசோல் மாத்திரை, படபடப்புக்கு வேறொன்று. அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அழுதாள், பிறகு மோர்க்களி கிண்டிக் கொடுத்தாள். நேற்று இரவு தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கினேன்.

ஒரு விஷயம் மனதில் உறுத்துகிறது. முகாமில் இரண்டாம் நாள் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, கொஞ்ச நேரம், யார் மேலும் எனக்குக் கோபமே இல்லை. அப்பா மேல்கூட இல்லை. அதுவும் தைராய்டுதானா?

செம்பூர் லலிதா மாமி | சனி, மாலை 5:05

கொழந்தே, அது உன்னோடது. அதை யாருக்கும் விட்டுக் கொடுக்காதே. மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடு.

தாராவித் தம்பி | சனி, இரவு 8:15

தாத்தாவுக்குப் போன் போட்டு இந்தக் கதையெல்லாம் சொன்னேன். அவருக்கு இப்ப 84. "அந்தப் பயல நல்லாத் தூங்கச் சொல்லு, பாம்பு எங்கயும் ஓடிராது"ன்னாரு. அப்புறம் போன்லயே நாலு வரி பாடுனாரு. மூச்சு வாங்குது, ஆனா ராகம் போகல. ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன், வேணுங்குறவங்க கேளுங்க, அனுப்புறேன்.

மாட்டுங்கா வாசகன் | சனி, இரவு 9:00

எனக்கு அனுப்புங்கள் தம்பி.

டோம்பிவிலித் தம்பி, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை எந்த மூச்சுப் பயிற்சியும், தீட்சையும் வேண்டாம். சும்மா உட்காரலாம். மூச்சு தானாக வந்து போவதைப் பார்த்தால் போதும், இழுக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். பத்து நிமிடம். படபடப்பு வந்தால் கண்ணைத் திறந்துவிடுங்கள்.

தனியாக உட்காரப் பயமாக இருந்தால், நாங்கள் நாலைந்து பேர் ஞாயிறு காலை 6:30-க்கு ஃபைவ் கார்டன்ஸில் பெரிய மரத்தடியில் உட்காருகிறோம். மாட்டுங்கா ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தால் பத்து நிமிடம். தரை ஈரமாக இருக்கும், ஒரு துண்டு கொண்டுவாருங்கள். மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.